முன்னாள் கணவரின் பதிவில் உங்களுக்கும் ஓய்வூதியம் உண்டா? அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டியின் பத்தாண்டு விதி

"பத்து வருஷம் குடித்தனம் நடத்திட்டா அவர் பென்ஷன்ல பாதி உனக்கு வந்துடும்." அமெரிக்காவில் விவாகரத்தான தமிழ்ப் பெண்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். இன்னொருவர், "அவர்தான் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாரே, இனிமே உனக்கு எங்கே கிடைக்கும்?" என்பார். மூன்றாமவர், "எதுவும் வேண்டாம்னு கோர்ட்டுல கையெழுத்துப் போட்டியே, மறந்துட்டியா?" என்று கேட்பார்.

முதலாமவர் சொன்னது பாதி சரி. மற்ற இருவர் சொன்னதும் முழுத் தவறு. இந்தப் பேச்சுகளை நம்பி, தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் கடைசிவரை கேட்காமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதி இல்லாமல் பல வருடம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பிறகு மணமுறிவைச் சந்தித்தவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. மாதாமாதம், ஆயுள் முழுக்க வரக்கூடிய பணம்.

விதி இரு பாலருக்கும் ஒன்றுதான். முன்னாள் மனைவியின் பதிவில் ஆணும் கேட்கலாம். எழுத வசதியாக இருக்கட்டும் என்று இங்கே 'முன்னாள் கணவர்' என்றே எழுதுகிறோம்.

## இது ஜீவனாம்சம் இல்லை

குழப்பம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் விவாகரத்துக்குப் பிறகு பணம் என்றாலே ஜீவனாம்சம்தான் நினைவுக்கு வரும். அவர் கையிலிருந்து நம் கைக்கு வருவது. அவர் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வழக்கு. அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி அப்படி வேலை செய்வதில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்த ஓர் உறவினருக்கு இன்னோர் இலை போடுகிறார்கள். பக்கத்து இலையிலிருந்து சோற்றை அள்ளியா அவருக்கு வைக்கிறார்கள்? சமையற்கட்டிலிருந்து தனியாக வருகிறது. முன்னாள் மனைவிக்கான தொகையும் அப்படித்தான். முன்னாள் கணவரின் தொகையில் ஒரு சென்ட் கூடக் குறையாது. அவருடைய இப்போதைய மனைவிக்குப் போவதும் குறையாது. ஒருவர் பதிவில் ஒரு குடும்பத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் என்றொரு உச்சவரம்பு உண்டு. முன்னாள் மனைவியின் தொகை அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

இதனால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம், அவர் எதிலும் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் விண்ணப்பித்ததை அலுவலகம் அவருக்குத் தெரிவிப்பதும் இல்லை. பழையபடி அவரோடு பேச வேண்டியிருக்குமோ என்ற அச்சத்திலேயே ஒதுங்கி நிற்பவர்கள் அந்த அச்சத்தை விட்டுவிடலாம்.

## 'பதிவு' என்றால் என்ன?

அமெரிக்காவில் சம்பளம் வாங்குபவரின் சீட்டில் ஃபைகா என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதில் சோஷியல் செக்யூரிட்டிக்காக 6.2 சதவீதம் ஊழியரிடமிருந்தும் அதே 6.2 சதவீதம் முதலாளியிடமிருந்தும் போகிறது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கும் இந்தப் பிடித்தம் உண்டு. எந்த வருடம் எவ்வளவு சம்பாதித்தார் என்ற கணக்கு அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கீழ் ஏறிக்கொண்டே போகும். அதுதான் 'பதிவு'.

அந்தப் பதிவிலிருந்து ஓய்வூதியம் கிடைக்க 40 கிரெடிட் சேர வேண்டும். கிரெடிட் என்பது குறிப்பிட்ட அளவு சம்பாத்தியத்துக்குக் கிடைக்கும் ஒரு புள்ளி. 2025-இல் 1,810 டாலருக்கு ஒரு கிரெடிட். வருடத்துக்கு 4-க்கு மேல் சேராது. ஆக, குறைந்தது 10 வருட உழைப்பு.

இன்னும் இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். 'முழு ஓய்வு வயது' என்பது வெட்டு எதுவும் இல்லாமல் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கும் வயது. 1960-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 67. 'அடிப்படைத் தொகை' என்பது அந்த வயதில் வாங்கத் தொடங்கினால் ஒருவருக்கு வரும் மாதத் தொகை. அதிகம் சம்பாதித்த 35 வருடங்களை எடுத்து, நாட்டின் பொதுவான ஊதிய ஏற்றத்துக்கு ஏற்பச் சரிக்கட்டி இதைக் கணக்கிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அவர் உழைத்து உண்டாக்கிய பதிவு ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவைக் காட்டி நீங்களும் கேட்கலாம். பணம் அரசின் நிதியிலிருந்து வருகிறது, அவர் பையிலிருந்து வருவதில்லை.

## பத்து வருடம்: எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை?

1965 வரை, முன்னாள் கணவர் உயிரோடிருக்கையில் விவாகரத்தான பெண்ணுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. அந்த ஆண்டுத் திருத்தம் இடம் கொடுத்தது, ஆனால் 20 வருட மணவாழ்வு வேண்டும் என்றது. 1977-இல் சட்டத்தைத் திருத்தி அதை 10 ஆக்கினார்கள். 1979 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அந்த 10-தான்.

எண்ணத் தொடங்குவது திருமண நாளிலிருந்து. முடிப்பது விவாகரத்து சட்டப்படி உறுதியான நாளில். 2009 ஜூன் 12-இல் திருமணம் என்றால், விவாகரத்து 2019 ஜூன் 12-க்கு முன்னால் உறுதியாகியிருக்கக் கூடாது. 2019 மே 30-இல் தீர்ப்பாகிவிட்டதா? போயிற்று. ஒன்பது வருடம் பதினோரு மாதத்துக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. விகிதாசாரமாகக் கொஞ்சம் கொடுப்பது என்ற பேச்சும் இல்லை.

பலர் சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

பிரிந்து வாழ்ந்த காலமும் எண்ணிக்கையில் சேரும். மூன்றாம் வருடமே வீட்டை விட்டு வெளியேறி, பதினோராம் வருடம்தான் விவாகரத்து உறுதியானது என்றாலும் உங்கள் கணக்கு பதினொன்று. சட்டம் பார்ப்பது தாள்களில் உள்ள தேதியை. ஒரே கூரையின் கீழ் இருந்தீர்களா என்பதை அல்ல. அடி, உதை, அச்சம் உள்ள வீட்டில் 'பத்து வருடம் ஆகட்டும்' என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இன்றே வெளியேறுங்கள், தீர்ப்பு உறுதியாகும் தேதியை மட்டும் வழக்கறிஞரோடு பேசித் தள்ளிப்போடலாம். ஒன்பதாம் வருடத்தில் வழக்கு நடத்துபவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். எல்லா வழக்கறிஞரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

வழக்குப் போட்ட நாள் கணக்கில் வராது. கலிஃபோர்னியாவில் மறுதரப்புக்கு மனு சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் போனால்தான் திருமணம் முடியும். இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டத்தின்படி பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் முதல் மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே பொதுவாக மாதங்கள் ஓடும். அந்த இடைப்பட்ட மாதங்கள் எல்லாம் உங்கள் கணக்கில் சேருபவை.

திருமணம் எங்கே நடந்தது என்பதும் பொருட்டல்ல. மதுரையில் தாலி கட்டி, ஐந்து வருடம் அங்கேயே இருந்து, பிறகு நியூ ஜெர்சிக்குப் போனவர்களுக்கு அந்த ஐந்தும் சேரும். விசா முத்திரை விழுந்த நாளிலிருந்து எண்ணத் தேவையில்லை.

விவாகரத்தான பிறகு அதே நபரையே மறுபடி மணந்தவர்களும் உண்டு. விவாகரத்தான வருடத்துக்கு அடுத்த நாட்காட்டி வருடம் முடிவதற்குள் மறுபடி மணந்திருந்தால், இரண்டு காலத்தையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவார்கள். அதைத் தாண்டினால் சேராது.

## மற்ற தகுதிகள்

உங்களுக்கு 62 வயது நிறைந்திருக்க வேண்டும். இப்போது நீங்கள் மணமானவராக இருக்கக் கூடாது. உங்கள் சொந்த உழைப்பில் சேர்ந்த அடிப்படைத் தொகை, அவருடைய அடிப்படைத் தொகையின் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

அவர் பக்கம் என்ன வேண்டும்? அவர் ஓய்வூதியமோ இயலாமைத் தொகையோ வாங்குபவராக இருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம். இன்னும் வாங்கத் தொடங்கவில்லை என்றாலும் வழி அடைபடுவதில்லை. அவருக்கு 62 வயதாகி, 40 கிரெடிட் இருந்து, விவாகரத்து ஆகி 2 வருடம் கடந்திருந்தால் போதும். மணவாழ்வில் இருக்கும் மனைவிக்கே இல்லாத சலுகை இது. கணவர் விண்ணப்பிக்கும்வரை அவள் காத்திருந்தாக வேண்டும். ஓய்வூதியத்தை வேண்டுமென்றே தள்ளிப்போட்டு முன்னாள் மனைவியைக் காக்கவைக்கும் வழியை 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. வாங்கத் தொடங்கியவர் முழு ஓய்வு வயதுக்குப் பிறகு அதை நிறுத்திவைத்தாலும் முன்னாள் மனைவியின் தொகை நிற்காது.

அவர் உங்களைவிட இளையவர் என்றால் மட்டும், அவருக்கு 62 ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதுவரை சொந்தப் பதிவில் ஏதாவது இருந்தால் அதை வாங்கலாம். அவருக்கு 62 ஆன மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைத்து நீங்களே அலுவலகத்தை அழையுங்கள். அங்கிருந்து யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

ஒருவருக்கே இரண்டு முன்னாள் மனைவிகள் இருந்து, ஒவ்வொருவரும் பத்து வருடம் வாழ்ந்திருந்தால் இருவருக்கும் தனித்தனியே கிடைக்கும். உங்களுக்கே பத்து வருடத்தைத் தாண்டிய இரண்டு மணவாழ்வுகள் இருந்தால் எது அதிகமோ அந்தப் பதிவில் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

## எவ்வளவு வரும்? படியில் அளந்து பார்ப்போம்

'அவர் வாங்குவதில் பாதி' என்பது தவறு. 'அவருடைய அடிப்படைத் தொகையில் பாதிவரை' என்பதே சரி. வார்த்தை வித்தியாசம்தான், ஆனால் மாதத்துக்குச் சில நூறு டாலர் இதில் இருக்கிறது.

ஒரு படி இருக்கிறது. அதன் கொள்ளளவு அவருடைய அடிப்படைத் தொகையில் பாதி. முதலில் உங்கள் சொந்த அரிசியை அதில் கொட்டுகிறார்கள். படி நிறையவில்லை என்றால், குறைகிற அளவை மட்டும் அவர் பதிவிலிருந்து போட்டு நிரப்புகிறார்கள். உங்கள் அரிசியே படியை நிறைத்துவிட்டால் மேலே எதுவும் போடுவதில்லை.

எண்களில் பார்க்கலாம். அவருடைய அடிப்படைத் தொகை 2,800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 1,400. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நீங்கள் சில வருடம் வேலை பார்த்து, உங்கள் சொந்த அடிப்படைத் தொகை 600 என்று வைத்துக்கொள்வோம். குறை 800. 67 வயதில் தொடங்கினால் 600-உம் 800-உம் சேர்ந்து மாதம் 1,400 வரும்.

62-லேயே தொடங்கினால்? இரண்டு பகுதிக்கும் தனித்தனி வெட்டு. சொந்தத் தொகையில் 30 சதவீதம் போய் 420 நிற்கும். நிரப்பும் தொகையில் 35 சதவீதம் போய் 520 நிற்கும். மொத்தம் 940. இந்த வெட்டு 67 ஆனதும் நீங்கிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நீங்காது, ஆயுள் முழுக்கத் தொடரும். சொந்தப் பதிவே இல்லாத ஒருவர் 62-இல் தொடங்கினால், அதே 1,400-இல் 35 சதவீதம் போக 910.

இப்போது அவர் பக்கம் வருவோம். அவர் 70 வயதுவரை பொறுத்திருந்து 3,472 வாங்குகிறார் என்று வையுங்கள். உங்கள் படியின் அளவு அதனால் பெரிதாகாது, 1,400-தான். அவர் அவசரப்பட்டு 62-இல் தொடங்கி 1,960 மட்டுமே வாங்கினாலும் உங்கள் படி சிறுக்காது, அப்போதும் 1,400-தான். உங்கள் தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் நீங்கள் தொடங்கும் வயதுதான்.

இதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இன்னொன்று: சொந்த ஓய்வூதியத்தை 70 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 8 சதவீதம் கூடும். ஆனால் இந்த நிரப்பும் தொகைக்கு அந்த வளர்ச்சி இல்லை. சொந்தப் பதிவு அற்பமாக இருப்பவர் 67-க்கு மேல் காத்திருப்பதால் இழப்புதான்.

'முதலில் அவர் பதிவில் வாங்கு, உன்னுடையதை 70 வரை வளரவிடு' என்ற யோசனை பழைய கட்டுரைகளில் இன்னும் உலவுகிறது. 1954 ஜனவரி 2-லோ பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த வழி 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூடப்பட்டுவிட்டது. ஒன்றைக் கேட்டாலே தகுதியுள்ள இரண்டையும் கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

62-க்கும் முழு ஓய்வு வயதுக்கும் இடையில் வேலையும் பார்த்துக்கொண்டு வாங்கினால், வருமான வரம்பு ஒன்று இருக்கிறது. 2025-இல் அது 23,400 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடித்துவைப்பார்கள்.

சுருக்கமாக: படியின் அளவு அவருடைய அடிப்படைத் தொகையில் பாதி. உங்கள் சொந்தப் பணம் முதலில், குறை மட்டும் அவர் பதிவிலிருந்து. இருவரும் ஐ.டி. வேலையில் ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கியவர்கள் என்றால், அவர் உயிரோடிருக்கும்வரை இந்த வழியில் ஒன்றும் வராமல் போவதே வழக்கம். ஆனால் அவர்களும் 'இறந்துவிட்டால்' என்ற பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

## மறுமணம்: யார் செய்துகொண்டது என்பதே கேள்வி

அவர் செய்துகொண்டால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை முறை செய்துகொண்டாலும்.

நீங்கள் செய்துகொண்டால் முன்னாள் கணவரின் பதிவில் வாங்குவது பொதுவாக நின்றுவிடும். அந்த இரண்டாம் மணம் இறப்பாலோ விவாகரத்தாலோ முடிந்தால் பழைய பதிவில் மறுபடி கேட்கலாம். 'ஒருமுறை விட்டது விட்டதுதான்' என்று நினைத்து அறுபத்தெட்டு வயதில் இரண்டாம் கணவரை இழந்த பெண் கேட்காமலே இருந்துவிடக் கூடாது.

## அவர் இறந்துவிட்டால் கணக்கே மாறுகிறது

இதுதான் அதிகம் பேருக்குத் தெரியாதது, பணத்தில் பெரியதும் இதுதான். முன்னாள் கணவர் இறந்த பிறகு, பத்து வருட மணவாழ்வு இருந்திருந்தால், விவாகரத்தானவரும் ஏறக்குறைய விதவையின் நிலைக்கு வந்துவிடுகிறார். பாதி என்ற படி போய், முழுத் தொகைவரை கேட்கலாம். வயதும் 62 அல்ல, 60 போதும். இயலாமை உள்ளவர்களுக்கு 50. 60-இலேயே தொடங்கினால் 71.5 சதவீதம், முழு ஓய்வு வயதில் 100 சதவீதம்.

இங்கே அவர் எப்போது தொடங்கினார் என்பதற்கு மதிப்பு வந்துவிடுகிறது. முன்பு சொன்ன எடுத்துக்காட்டில், 70 வரை பொறுத்து 3,472 வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால், முழு ஓய்வு வயதில் உங்களுக்கு அந்த 3,472-ஏ கிடைக்கும். 62-இல் தொடங்கி 1,960 வாங்கியவர் என்றால், அந்த 1,960, அல்லது அடிப்படைத் தொகையின் 82.5 சதவீதமான 2,310, இரண்டில் எது பெரிதோ அதுவே உங்கள் உச்சம்.

மறுமண விதியும் இங்கே தளர்கிறது. 60 வயதுக்குப் பிறகு செய்துகொண்ட மறுமணம் இந்தத் தொகையைத் தடுக்காது. 59-இல் திருமணம் பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு வரியை மனதில் வைத்துத் தேதி குறிப்பது நல்லது.

இன்னொரு வித்தியாசம்: சொந்த ஓய்வூதியத்தையும் இந்தத் தொகையையும் ஒரே நேரத்தில் கேட்டதாக எடுத்துக்கொள்ளும் கட்டாயம் இங்கே இல்லை. 60-இல் முன்னாள் கணவர் பதிவில் தொடங்கி, சொந்தத்தை 70 வரை வளரவிட்டு, பிறகு பெரிய தொகைக்கு மாறலாம். ஐ.டி.யில் நன்றாகச் சம்பாதித்த பெண்களுக்கு இந்தப் பகுதி பயன்படுவது இப்படித்தான்.

இறந்தவரின் பிள்ளை 16 வயதுக்குட்பட்டு உங்கள் பராமரிப்பில் இருந்தால், பத்து வருட விதியும் இல்லை, வயது விதியும் இல்லை. நாலே வருடம் வாழ்ந்து பிரிந்த இளம் தாய் கூடக் கேட்கலாம். ஆனால் அவள் மறுமணம் செய்திருக்கக் கூடாது.

## கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததும் 401கே-யும்

'ஓய்வூதிய உரிமை எதையும் கோர மாட்டேன்' என்று விவாகரத்து உடன்படிக்கையில் எழுதியிருந்தாலும், சோஷியல் செக்யூரிட்டியைப் பொறுத்தவரை அந்த வரி செல்லாது. இது கூட்டாட்சிச் சட்டம் கொடுத்த உரிமை. நீங்களே கையெழுத்திட்டாலும் அதை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

401கே கணக்கு இதற்கு நேரெதிர். அது அவர் நிறுவனத்தில் சேர்ந்த சேமிப்பு. அதில் பங்கு வேண்டுமானால் விவாகரத்து வழக்கிலேயே கேட்க வேண்டும். குவாட்ரோ எனப்படும் தனி நீதிமன்ற ஆணை வாங்கி, அந்தக் கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்திடம் கொடுத்தால்தான் பணம் பிரியும். சோஷியல் செக்யூரிட்டியில் தானாக இருக்கும் உரிமையை 401கே-யிலும் இருப்பதாக எண்ணி, வழக்கில் வாய் திறக்காமல் விட்டு இழந்துவிடுவது இருக்கும் தவறுகளிலேயே மீட்க முடியாத தவறு.

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை போல, ஃபைகா பிடிக்காத அரசு வேலையில் இருந்து தனி பென்ஷன் வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. முன்பு அந்தப் பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்கை, முன்னாள் கணவர் பதிவில் வரும் சோஷியல் செக்யூரிட்டி தொகையிலிருந்து கழித்துவிடுவார்கள், பலருக்குப் பூஜ்யமாகிவிடும். 2025 ஜனவரி 5-இல் கையெழுத்தான சட்டம் அந்தக் கழிப்பை நீக்கிவிட்டது. 2024 ஜனவரி முதலான தொகைக்கே இது பொருந்தும். 'கேட்டாலும் கிடைக்காது' என்று அப்போது விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இப்போது விண்ணப்பிக்க வேண்டும்.

## விண்ணப்பிக்கும் முறை

பணம் தொடங்க வேண்டிய மாதத்துக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 1-800-772-1213 என்ற எண்ணில் பேசலாம், உள்ளூர் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போகலாம், இணையத்திலும் செய்யலாம். இறந்தவர் பதிவில் கேட்பதற்கு மட்டும் இணைய வழி இல்லை. பேசித்தான் ஆக வேண்டும். முழு ஓய்வு வயதைத் தாண்டி விண்ணப்பித்தால் அதிகபட்சம் 6 மாதம் பின்னோக்கிக் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய வருடங்கள் போனது போனதுதான்.

கையில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண். இந்த எண்ணுக்குத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சேர்ந்து தாக்கல் செய்த பழைய வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். இருவர் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதனால் பிரியும்போது எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் படிவத்தின் ஒரு நகலை எடுத்துவையுங்கள். எண் கிடைக்கவே இல்லையென்றால் அவருடைய முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் இவற்றைக் கொண்டு அலுவலகம் தேடும்.

தமிழர்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, பெயர். திருமணப் பத்திரத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நீண்டு, அமெரிக்க ஆவணங்களில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டு, தீர்ப்பில் வேறொரு எழுத்துக்கூட்டு. நான்கும் ஒரே ஆள்தான் என்று காட்டும் பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று, பதிவு செய்யாத திருமணம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம்தான் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் கோயிலிலோ மண்டபத்திலோ நடந்து, பதிவே ஆகாத திருமணங்கள் ஏராளம். சான்றிதழ் இல்லையென்றால் வேறு ஆதாரங்களையும் ஏற்க விதி இடம் தருகிறது. கோயில் ரசீது, திருமணத்தை நடத்திவைத்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் போன்றவற்றை இப்போதே சேர்த்துவைப்பது நல்லது. இருபது வருடம் கழித்துச் சாட்சி தேடுவது கடினம்.

அலுவலகத்தில் பேசும்போது, "என் முன்னாள் கணவரின் பதிவில் விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'எனக்கு ஏதாவது வருமா?' என்று பொதுவாகக் கேட்டால் உங்கள் சொந்தப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக்கூடும். வாய்மொழியாக 'உங்களுக்குத் தகுதி இல்லை' என்று சொல்லப்பட்டால் அதோடு திரும்பிவிடாமல், விண்ணப்பத்தை முறையாகப் பதிவு செய்து எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் மறுப்பு வந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அதற்கு 60 நாள் அவகாசம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேருக்கும் இதே பத்து வருடம் உதவுகிறது. 65 வயதில் மருத்துவமனைச் செலவுக்கான 'பகுதி ஏ' காப்பீடு, சொந்தமாக 40 கிரெடிட் இல்லாதவருக்கும் முன்னாள் கணவரின் பதிவில் பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். கிரெடிட்டே இல்லாதவர் அதைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் 2025-இல் மாதம் 518 டாலர்.

## இந்தியா திரும்பியவர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் கோயம்புத்தூரில் இருந்துகொண்டே இந்தத் தொகையை வாங்கலாம். இந்தியக் குடியுரிமையோடே திரும்பியவர்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே தொடர்ந்து ஆறு முழு நாட்காட்டி மாதங்கள் தங்கினால் தொகை நிற்கும். நிற்காமலிருக்க விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் வர வேண்டும். இன்னொருவர் பதிவில் வாங்குபவர் என்றால், அந்த உறவு நிலவிய காலத்தில் குறைந்தது 5 வருடம் அமெரிக்காவில் வாழ்ந்திருக்கவும் வேண்டும். சில நாட்டவருக்கு இந்த ஐந்தாண்டு விதி இல்லை, ஏனென்றால் அந்த நாடுகள் அமெரிக்காவோடு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை.

அந்த ஐந்து வருடத்தை நிரூபிக்கக் கையில் இருக்க வேண்டியவை: பழைய பாஸ்போர்ட்டிலுள்ள நுழைவு முத்திரைகள், ஹெச்-4 ஒப்புதல் தாள்கள், உங்கள் பெயரும் உள்ள வீட்டு வாடகை ஒப்பந்தங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகள். விமானம் ஏறுமுன் இவற்றை ஒரே உறையில் போட்டு, விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டையும் அதனுடன் வைத்துக்கொள்ளுங்கள்.